மழையில் தெரியும் கல்

டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய மூன்று நாடுகளையும் சேர்த்து ஸ்காண்டிநேவியா என்கிறோம். அந்த நிலத்தில் ஒருவர் தன்னந்தனியாகச் சைக்கிளில் போவதைப் பற்றியும், வழியில் அவர் காணும் தொல்லிடங்களைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு குறைகள் முன்னே வந்து நிற்கும். முதலாவது, அங்கே வானத்தை நம்ப முடியாது. காலையில் வெயில், பத்து மணிக்குத் தூறல், மதியம் எதிர்க்காற்று, மாலையில் மறுபடி வெயில். இரண்டாவது, அவ்வளவு சிரமப்பட்டுப் போய்ச் சேர்ந்தால் அங்கே இருப்பது ஒரு மண்மேடு, நாலைந்து கல், பாறையில் சில கீறல்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால், முதல் குறையைப் புரிந்துகொண்டால் இரண்டாவது குறை கரைந்துவிடும் என்பது என் வாதம். அந்தக் கற்களை நட்டவர்களும் பாறையில் உளி பிடித்தவர்களும் காற்று, மழை, ஈரநிலம், சாய்ந்த வெளிச்சம் இவற்றுக்கு நடுவே வழி தேடி வாழ்ந்தவர்கள். எங்கே வைப்பது என்பதை அந்த வாழ்க்கைதான் முடிவு செய்தது. அந்த முடிவுகளை நாம் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் மேட்டையும் காற்றையும் உடம்பில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மிகவும் பொருத்தமான வண்டி சைக்கிள்.

தொல்லிடம் என்றதும் நம் மனத்தில் கோபுரமும் தூணும் மண்டபமும் எழுகின்றன. வட ஐரோப்பாவில் கட்டடம் என்றால் மரம். அரசனின் கூடமும் மரம், கோயிலும் மரம், பாலமும் மரம். ஈர மண்ணில் மரம் இற்றுப்போயிற்று. எஞ்சியது மண்ணைக் குவித்த மேடும், நட்ட கல்லும், செதுக்கிய பாறையும்தான். ஸ்வீடனின் பழைய உப்சாலாவில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று பெரிய அரச மேடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு அருகே இருந்த பெருங்கூடம் போய்விட்டது. ஆகவே இங்கே ஒரு தொல்லிடத்தின் அழகு அதன் வேலைப்பாட்டில் மட்டும் இருக்காது. அது அமைந்திருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் இருக்கும். எந்தத் திசையிலிருந்து வருபவருக்கு அது முதலில் தெரியும், எந்த ஆற்றைக் கடந்தபின் அது வரும், அதற்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே என்ன நிலம் கிடக்கிறது என்பவையே கேள்விகள். காரில் போகிறவருக்கு நடுவே கிடக்கும் நிலம் கண்ணாடிக்கு வெளியே ஓடிவிடும். நடந்து போகிறவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஓரிடத்திலிருந்து அடுத்த இடம் போய்ச் சேர ஒரு பகல் போய்விடும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகும் சைக்கிளில், முதல் இடம் நினைவில் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது இடம் வந்துவிடுகிறது; நடுவே உள்ள ஒவ்வொரு ஏற்றமும் காலில் பதிந்தும் விடுகிறது. இரண்டையும் சேர்த்துத் தருவதால்தான் இந்த வேகத்துக்கு மதிப்பு.

டென்மார்க்கிலிருந்து தொடங்குவோம். யூட்லாந்து தீபகற்பத்தின் முதுகெலும்பு போல வடக்கு தெற்காக ஒரு பழைய பாதை ஓடுகிறது. ஹேர்வையன், அதாவது படைவழி, என்று அதற்குப் பெயர். மாட்டு வணிகர்கள் பல நூற்றாண்டுகளாக எருதுகளை இந்த வழியே தெற்கே ஜெர்மானிய நிலங்களுக்கு ஓட்டிப்போனார்கள். ஆகவே அங்கே அதை எருதுவழி என்றும் சொல்வார்கள். இன்று அதை ஒட்டிப் போகும் தடம் டென்மார்க்கின் மூன்றாம் எண் தேசிய சைக்கிள் பாதை. இந்தப் பாதை ஏன் கடற்கரையை விட்டு நடுமுதுகில் ஏறியது? கிழக்குக் கரையில் கடல் ஆழமான கைகளாக உள்ளே நுழைந்து நிலத்தை வெட்டுகிறது. மேற்கே மணலும் சதுப்பும். நடுவே, கிழக்கே ஓடும் ஆறுகளும் மேற்கே ஓடும் ஆறுகளும் பிரியும் நீர்பிரிமேட்டில் நடந்தால் கடக்க வேண்டிய ஆறு மிகக் குறைவு, காலடி உலர்ந்திருக்கும். நாட்டின் மிக உயர்ந்த இடமே 171 மீட்டர்தான் என்பதால், வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. இரண்டு நாள் மழைக்குப் பின் பள்ளத்தில் இறங்கிச் சேற்றுத் தடத்தில் சக்கரத்தை இழுத்து, மறுபடி முதுகுமேட்டில் ஏறிக் கெட்டியான மணலில் ஓட்டுபவருக்கு, எருதோட்டியின் கணக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

இந்தப் படைவழிக்குப் பக்கத்தில் இருக்கிறது யெல்லிங். இரண்டு பெரிய மண்மேடுகள், நடுவே ஒரு தேவாலயம், அதன் வாசலில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து பொறித்த இரண்டு கற்கள். சிறிய கல்லை அரசன் கோர்ம் தன் மனைவியின் நினைவாக நிறுத்தினான். பெரிய கல்லை அவன் மகன் ஹரால்ட் புளூடூத் ஏறத்தாழ 965-இல் நிறுத்தினான்; டென்மார்க்கையும் நார்வேயையும் வென்றதையும், டேனியர்களைக் கிறித்தவர்களாக்கியதையும் அதில் பொறித்தான். நம் கைப்பேசியில் இருக்கும் புளூடூத்துக்கு அவன் பெயரே வைக்கப்பட்டது; அதன் சின்னமும் அவன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை ரூன் வடிவில் பிணைத்ததுதான். 1994-இல் யுனெஸ்கோ யெல்லிங்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலானோர் கல்லைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சைக்கிளில் வந்தவர் தெற்கே பத்துக் கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே நிலம் வைலே ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ரவ்னிங் என்ற அந்த ஈரப் புல்வெளியின் குறுக்கே, ஏறத்தாழ 980-இல், ஓக் மரத்தால் ஒரு பாலம் கட்டினார்கள். நீளம் சுமார் 760 மீட்டர், அகலம் ஐந்து மீட்டர். வண்டிகள் எதிரெதிரே போகலாம். இன்று அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தில் இறங்கி, ஈர மண்ணின் மணம் முகத்தில் அடிக்க மறுபுறம் ஏறுகிறவருக்கு யெல்லிங் கல்லின் பொருள் முழுமையாகிறது. நாட்டை ஒன்றாக்கியதாகக் கல்லில் எழுதிய அரசன், அந்த ஒன்றாக்கலை எந்தச் சேற்றின் மீது செய்ய வேண்டியிருந்தது என்பதை இந்தப் பத்துக் கிலோமீட்டர் சொல்கிறது.

பாலம் கட்டுவது அந்நாளில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஸ்வீடனில் இன்னும் தெளிவான சான்று உண்டு. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே உள்ள உப்லாந்து பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரூன் கற்கள் உள்ளன. பெரும்பாலானவை பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இறந்துபோன தந்தைக்கோ மகனுக்கோ நினைவாகக் கல் நட்டதைச் சொல்லும் இவற்றுள் பல, அவரது ஆன்மாவுக்காகப் பாலம் அமைத்ததையும் சேர்த்துச் சொல்கின்றன. டேபியில் யார்லபங்கே என்ற பெருநிலக்காரர் தன் ஆன்மாவுக்காக, தான் உயிரோடு இருக்கும்போதே பாலம் அமைத்ததை நான்கு கற்களில் பொறித்து அதன் இரு முனைகளிலும் நிறுத்தினார். பாலம் என்றால் ஆற்றின் மேல் வளைந்து நிற்கும் கட்டடம் என்று எண்ணிவிடக் கூடாது. சதுப்பு நிலத்தில் மண்ணையும் கல்லையும் கொட்டி உயர்த்திய கரைவழிதான் அங்கே பாலம். நினைவுக்கல்லும் ஈரநிலமும் ஏன் சேர்ந்து வருகின்றன என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. எல்லோரும் கடந்தாக வேண்டிய இடத்தில், கால் நனையாமல் கடக்க உதவியவரின் பெயரை எல்லோரும் படித்தார்கள். இந்தக் கற்களில் பல இன்றும் நாட்டுப்புறச் சாலையோரத்தில், வயல் வரப்பருகே நிற்கின்றன. சாலையைப் பயன்படுத்துகிறவருக்காக எழுதிய எழுத்து அது. சாலையில் மெல்லப் போகிறவருக்கே அது இன்றும் கண்ணில் படும்.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் பூஹுஸ்லேன் பகுதியில் இருக்கும் தானும் என்ற இடம், என் வாதத்துக்கு மிக வலுவான சான்று. வழவழப்பான கருங்கல் பாறைகளில் வெண்கலக் கால மக்கள் கி.மு. 1700 தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். மனிதர்கள், விலங்குகள், ஏர், பாதச்சுவடுகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் படகுகள். எங்கு திரும்பினாலும் படகு. லிட்ஸ்லேபி என்ற இடத்தில் ஈட்டி ஏந்திய ஓர் உருவம் இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம். 1994-இல் இதுவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறைகளுக்கு முன்னே நின்று பார்த்தால் எதிரே வயல்தான் தெரிகிறது; கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உழுகிற வயலுக்கு நடுவே இத்தனை படகுகளை யார் செதுக்குவார்கள்? விடை நிலத்தின் அடியில் இருக்கிறது. பனிக்காலத்தில் ஸ்காண்டிநேவியாவின் மீது கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் கிடந்து நிலத்தை அமுக்கியது. பனி உருகியபின், சுமை இறக்கிய மெத்தை போல நிலம் மெதுவாக எழத் தொடங்கி இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. செதுக்கத் தொடங்கிய காலத்தில் இங்கே கடல் இன்றைக்கு விடச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஆக, இன்றைய வயல் அன்று நிலத்துக்குள் நீண்ட கடற்கை. ஸ்வீடன் தொல்லியலாளர் யோஹான் லிங் செதுக்கல்கள் இருக்கும் உயரங்களையும் பழைய கரைக்கோட்டையும் ஒப்பிட்டு, பல பாறைகள் அன்று நீர்விளிம்பிலேயே இருந்தன என்று காட்டினார். படகுகள் நீரைப் பார்த்தபடிதான் செதுக்கப்பட்டன.

இங்கே சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பதினைந்து மீட்டர் என்பது காரில் தெரியாத உயரம். வேகமிதியைச் சற்று அழுத்தினால் முடிந்துவிடும். சுமையேற்றிய சைக்கிளில் அதே பதினைந்து மீட்டரைத் தொடை நன்றாகவே அளந்து சொல்லும். வயல்வெளியில் சமமாக ஓடிவந்த சாலை, செதுக்கிய பாறைக்குச் சற்று முன்னே முதுகை நிமிர்த்துகிறது. பல்சக்கரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த பாறைக்கு முன்னும் அப்படியே. மூன்று நான்கு பாறைகளைப் பார்த்து முடிப்பதற்குள், சமநிலம் முடிந்து ஏற்றம் தொடங்கும் இடமே பழைய கரை என்பது கால்களுக்குப் பழகிவிடும். பிறகு புதிய பாறை எங்கே இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் முடியும். ஆய்வாளர் கருவியால் அளந்ததை இவர் உடம்பால் அளக்கிறார். துல்லியம் குறைவு; ஆனால் கேட்ட செய்தி அறிந்த செய்தியாக மாறுவது அப்போதுதான்.

வானிலைக்கு வருவோம். தானும் பாறைகளில் பார்வையாளருக்காகச் சில உருவங்களில் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். சாயம் பூசாத பாறைக்கு உச்சிவெயிலில் போனால் பெரிதாக எதுவும் தெரியாது; ஆழம் குறைந்த செதுக்கல், நேர்வெளிச்சம் அதை விழுங்கிவிடும். மழை பெய்து ஓய்ந்து, பாறை நனைந்து, மேகத்தின் அடியிலிருந்து வெயில் பக்கவாட்டில் சாயும்போது வரி வரியாகப் படகுகள் எழுந்துவரும். வடக்கே இத்தனை தூரத்தில் சூரியன் கோடையிலும் உச்சிக்கு ஏறாமல் சாய்ந்தே சுற்றுகிறது; மாலை வெளிச்சம் மணிக்கணக்கில் நீள்கிறது. செதுக்கியவர்கள், மேலிருந்து மழைநீர் வழிந்தோடும் பாறைப்பரப்புகளைப் பலமுறை தேர்ந்திருக்கிறார்கள். நீர் வழிந்தால் படகு நகர்வது போலத் தோன்றும். அவர்கள் அதை விரும்பியே செய்தார்களா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் அவர்கள் வாழ்நாளெல்லாம் பார்த்தது அந்த ஈரப்பாறையைத்தான். மழை நாளைத் தவிர்த்து, நல்ல வெயில் பார்த்து, பேருந்தில் வந்து இறங்குகிறவர் அந்தப் பாறையின் மிக ஏழ்மையான முகத்தையே காண்கிறார். மழையில் நனைந்து வந்து, ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்று, வெயில் எட்டிப்பார்த்ததும் பாறைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது செதுக்கியவர் கண்ட காட்சிக்கு நெருங்கிய ஒன்று.

இந்த மாறும் வானிலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதைக் கண்டறிந்ததும் அதே நிலம்தான். முதல் உலகப் போரின்போது பிற நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த வானிலைத் தந்திச் செய்திகள் நார்வேக்கு நின்றுபோயின. உணவுத் தட்டுப்பாட்டு நாளில் உழவரும் மீனவரும் என்ன செய்வார்கள்? 1917-இல் பெர்கன் நகருக்கு வந்த வில்ஹெல்ம் பியர்க்னஸ், மேற்குக் கரை நெடுகிலும் நோக்கர்களை அமர்த்தி, மேகத்தையும் காற்றையும் நெருக்கமாகக் குறித்தனுப்பச் செய்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து, குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் மோதும் எல்லைக்கோடுகள் இருப்பதை அவருடைய மகன் யாக்கோப் பியர்க்னஸும் தோழர்களும் கண்டார்கள். அன்றைய போர்முனையின் பெயரையே அந்தக் கோடுகளுக்கும் வைத்தார்கள். இன்று உலகமெங்கும் வானிலை வரைபடத்தில் வரையும் முனைக்கோடு பெர்கனின் மழையில் பிறந்தது. வரிசை இதுதான்: முதலில் உயரத்தில் மெல்லிய இழைமேகம், பிறகு மேகம் தாழ்ந்து இடைவிடாத மழை, பிறகு வெதுவெதுப்பும் தூறலும், கடைசியில் சட்டென்று ஒரு பெருமழை, தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும் காற்று, கழுவிவிட்டது போன்ற வானம். கட்டடத்துக்குள் இருப்பவருக்கு இது ஒரு நாள் முழுக்க மோசமான வானிலை. சைக்கிளில் இருப்பவருக்கோ தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள நிகழ்ச்சி. காற்று தோளில் எந்தப் பக்கம் படுகிறது என்பதே அடுத்து என்ன வரும் என்று அவருக்குச் சொல்லிவிடும்.

இந்த ஒழுங்கை மலை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது என்பதை நார்வேயில் சில நாட்களில் பார்த்துவிடலாம். கடற்காற்றை நேராக வாங்கும் பெர்கனில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைத்தொடருக்குக் கிழக்கே, மழைமறைவில் இருக்கும் ஷோக் பகுதியில் 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. மலையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் கொண்டுவந்துதான் அங்கே பல நூற்றாண்டுகளாக வேளாண்மை செய்தார்கள். ஷோக்குக்குப் பக்கத்து ஊரான லோமிலிருந்து மேற்கே ஏறும் சாலை 1,434 மீட்டர் உயரத்தில் சோக்னெஃபியல் மேட்டைத் தாண்டி, சோக்னெ கடற்கையின் உட்கிளையில் இறங்குகிறது. கோடைத் தொடக்கத்தில்கூடச் சாலையோரம் பனிச்சுவர் நிற்கும். லோமில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மரத்தூண் தேவாலயம் ஒன்று; இறங்கிக் கடற்கையை ஒட்டிப் போனால் உர்னஸில் 1130-ஐ ஒட்டிக் கட்டிய இன்னொன்று. வறண்ட பக்கத்தில் ஒன்று, ஈரப் பக்கத்தில் ஒன்று. நடுவே உள்ள மேட்டுவழி பழைய வணிகவழி: கரையிலிருந்து உப்பும் மீனும் மேலேறின, உள்நாட்டிலிருந்து வெண்ணெயும் தோலும் மரத்தாரும் கீழிறங்கின. ஒரு பக்கம் இல்லாதது மறுபக்கம் இருந்ததால் மனிதர்கள் இந்தப் பனிமேட்டைக் கடந்தார்கள். உலர்ந்த காற்றில் லோமை விட்டுக் கிளம்பி, உச்சியில் ஆலங்கட்டியும், மறுபுறம் இறங்க இறங்கப் பசுமையும் மழையும் சந்திக்கிறவருக்கு அந்த வணிகத்தின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தேவாலயங்களைக் கட்டிய விதத்தைத் தீர்மானித்ததும் மழைதான். நார்வேயில் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்தவை என்று மதிப்பிடப்படும் மரத்தூண் தேவாலயங்களில் இன்று எஞ்சியவை 28. மிகப் பழைய மரத் தேவாலயங்களில் தூண்களைக் குழி வெட்டி மண்ணிலேயே நட்டார்கள். ஈரம் அடித்தூணைத் தின்றது. பிறகு வந்த தச்சர்கள் கல் அடித்தளம் போட்டு, அதன் மேல் கிடைமட்ட உத்திரச் சட்டம் வைத்து, தூணை அந்தச் சட்டத்தில் செருகினார்கள். மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று. மேலே அடுக்கடுக்காகச் சரிந்த கூரை. எங்கும் பைன் மரத்திலிருந்து எடுத்த தார்ப் பூச்சு. வெயிலும் மழையும் அதைத் தின்றுகொண்டே இருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். 1200-ஐ ஒட்டிக் கட்டிய போர்குண்ட் தேவாலயம் இன்றும் நிற்பது தச்சனின் திறத்தால் மட்டுமல்ல, எண்ணூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் தார் பூசிக்கொண்டே வந்ததாலும்தான். அதே மழை ஜாக்கெட்டின் தையலில் எப்படி ஊடுருவுகிறது என்பதை அன்றைக்குப் பார்த்தவர், அந்தக் கூரையின் ஒவ்வொரு சரிவையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

இதற்கு எழும் மறுப்புகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் மறுப்பு: இதெல்லாம் உணர்ச்சி, அறிவு நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது, உடம்பின் அனுபவம் தவறான கதைக்குத்தான் இட்டுச்செல்லும். இதில் உண்மை உண்டு. ஸ்வீடனின் தென்கரையில், கோசெபெரியா கிராமத்துக்கு மேலே, கடலிலிருந்து 32 மீட்டர் உயரக் குன்றின் விளிம்பில் 59 கற்கள் படகு வடிவில் நிற்கின்றன. நீளம் 67 மீட்டர். ஆலெஸ் ஸ்தேனார் என்று பெயர். காற்று பிய்த்தெடுக்கும் அந்தக் குன்றில் சூரியன் மறைவதைப் பார்த்தவர்கள் சிலர், அது பழங்கால நாட்காட்டி என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். தொல்லியலாளர்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. கி.பி. முதலாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த நினைவுச் சின்னமாகவே காண்கிறார்கள். ஆகவே அனுபவம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி எங்கிருந்து வருகிறது? வெப்பமானியால் நாம் அறிந்த ஆந்தர்ஸ் செல்சியஸ் 1731-இல் யேவ்லெ நகருக்கு அருகே லோவ்குருண்ட் தீவின் பாறையில் அன்றைய நீர்மட்டத்துக்குக் கோடு வெட்டினார். கடல் இறங்கிக்கொண்டே போகிறது என்ற சந்தேகத்தை அவருக்குத் தந்தவை, சீல்கள் ஏறிப் படுக்கும் பாறைகளைப் பற்றிய கரையோர மக்களின் பழைய கணக்குகள்: தாத்தா வேட்டையாடிய பாறை பேரன் காலத்தில் நீரை விட்டு எழுந்துவிட்டது. கடல் வற்றுகிறது என்று செல்சியஸ் நினைத்தார்; அது தவறு, நிலம்தான் எழுகிறது. ஆனால் கோடு சரியான கோடு, கேள்வி சரியான கேள்வி. வடக்கே ஹோகா குஸ்தன் கரையில் நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் எட்டு மில்லிமீட்டர் எழுகிறது. பனிக்காலத்துக்குப் பிந்தைய மிக உயர்ந்த கடற்கரைக் கோடு அங்கே 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடம்பு கேள்வி கேட்கட்டும், அளவு விடை சொல்லட்டும். கேள்வியே இல்லாதவருக்கு அருங்காட்சியகத்தின் விடைகளும் சுவரில் தொங்கும் எழுத்தாகவே நின்றுவிடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. அந்த மக்கள் படகில் போனவர்கள். நிலவழியில் போகும் சைக்கிள் அவர்களைப் பற்றி என்ன சொல்லிவிடும்? நிலமும் மாறிவிட்டது: காடு வயலாயிற்று, சதுப்பு வடிகட்டப்பட்டது, வெண்கலக் காலத்தின் பெரும்பகுதியில் வெப்பம்கூட இன்றைக்கு முன்னிருந்த நூற்றாண்டுகளை விட அதிகம். இதை மறுக்க மாட்டேன். சைக்கிள் கடலைக் கற்றுத்தராது. ஆனால் படகு எங்கோ ஓரிடத்தில் கரையேற வேண்டும். அங்கிருந்து சுமை மேட்டில் ஏற வேண்டும். கடற்கைக்குக் கடற்கை படகுத்துறையில் நின்று, சைக்கிளை ஏற்றி இறக்கிப் போகிறவர் அந்த இரண்டு உலகங்களின் தையலிலேயே பயணம் செய்கிறார். மாறாதவையும் இருக்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்றின் திசை, மலை மழையைப் பிரிக்கும் முறை, சூரியன் சாயும் கோணம், நீர்பிரிமேட்டின் கோடு ஆகியவை அன்றும் இவைதான். வெப்பம் இரண்டு பாகை கூடினாலும் குறைந்தாலும் பெர்கன் ஈரமாகவும் ஷோக் வறண்டும்தான் இருக்கும். நான் சொன்ன சான்றுகளில் பெரும்பாலானவை இந்த மாறாதவற்றின் மீதே நிற்கின்றன.

மூன்றாவது மறுப்பு: வானிலையை இப்படிப் போற்றுவது தவறு, அதுதான் இந்தச் சின்னங்களை அழிக்கிறது. உண்மை. யெல்லிங்கின் இரண்டு கற்களும் ஆயிரம் ஆண்டுகள் வெளியில் நின்று வெடிப்பு கண்டதால், 2011-இல் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் வைக்கப்பட்டன. உள்ளே வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்படுகின்றன. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கல்லைக் காப்பது நம் கடமை. ஆனால் கூண்டுக்குள் போனது கல் மட்டும். அது நிற்கும் மேடும், மேட்டின் மேல் வீசும் காற்றும், தெற்கே இறங்கும் பள்ளத்தாக்கும் வெளியிலேயே இருக்கின்றன. கல் கண்ணாடிக்குள் போக நேர்ந்த காலத்தில், அதைச் சுற்றியுள்ள வானிலையைப் பார்வையாளர் உடம்பில் சுமந்துகொண்டு வருவது முன்னைவிட அவசியமாகிறது.

நான்காவது மறுப்பு தனிமையைப் பற்றியது. ஏன் தனியாக? துணை இருந்தால் பாதுகாப்பு. பேசினால் அறிவு வளரும். பேச்சின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து போகும்போது மழை ஒரு பேரத்துக்குரிய பொருளாகிறது: நிற்கலாமா, போகலாமா, யாருக்குப் பசி, யாருக்கு அவசரம். தனியாகப் போகிறவருக்கு மேகம் நேரடியாகப் பேசுகிறது. நிற்பதும் போவதும் வானத்தைப் பார்த்து எடுக்கும் முடிவாக மட்டும் இருக்கிறது. உப்புச் சுமையோடு மேட்டுக்குக் கீழே காத்திருந்தவர் எடுத்த முடிவும் அதுவே. இந்தத் தனிமையைத் தாங்கும்படி அந்த நாடுகள் ஏற்பாடும் செய்திருக்கின்றன. நார்வேயில் 1957-இன் சட்டமும், ஸ்வீடனில் வழக்கமும் அரசியலமைப்பும், பிறர் நிலத்தில் தீங்கின்றி நடக்கவும் இரவு தங்கவும் எல்லோருக்கும் உரிமை தருகின்றன; நார்வேயில் பயிரிடாத நிலத்தில் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். டென்மார்க்கில் அந்த உரிமை இவ்வளவு விரிவானதல்ல. பதிலுக்கு வழியெங்கும் எளிய மரத் தங்குகொட்டகைகள் உண்டு. ஆபத்தும் உண்மையானது. நார்வேயின் பல சுரங்கச் சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஹௌகஸ்டோலிலிருந்து ஃபின்சே வழியாக ஃப்ளோமுக்கு இறங்கும் ரல்லார்வேகன், 1909-இல் திறந்த பெர்கன் ரயில்பாதைக்காகப் போட்ட தொழிலாளர் வழி. 1,300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, ஜூலையிலும் பனி மூடிக் கிடப்பதுண்டு. நார்வேயின் மலைப் பாதுகாப்பு விதிகள் நேரத்தில் திரும்பிவிடச் சொல்கின்றன. திரும்புவதில் வெட்கமில்லை என்றும் சொல்கின்றன. திரும்பத் தெரிந்தவருக்கே தனிப்பயணம் என்பதை நானும் வலியுறுத்துகிறேன்.

கடைசியாக, இந்தக் குளிரும் மழையும் நம்மவர்க்கு ஒத்துவராது என்பார்கள். ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள் நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் ஊர்களில் வேலை செய்து குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ஏழாயிரம் ஆண்டு வரை பழமையான பாறைச் செதுக்கல்கள் உள்ள ஆல்டா அந்தப் பின்மார்க்கில்தான் இருக்கிறது. 1985-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். நிலம் எழ எழச் செதுக்குபவர்கள் நீரைத் தொடர்ந்து கீழே இறங்கியதால், அங்கே பழையவை மேலும் புதியவை கீழுமாக இருக்கின்றன. நம்மவர் வாழ்ந்து காட்டிய நிலம் நமக்கு அந்நியமாக இருக்கத் தேவையில்லை. வலிமை வேண்டுமென்றால், மின்சார உதவியுள்ள சைக்கிள் உண்டு. அதிலும் காற்று முகத்தில்தான் அடிக்கும், மழையும் நனைக்கத்தான் செய்யும். மூன்று நாடுகளையும் சுற்ற வேண்டும் என்பதும் இல்லை. யெல்லிங்கிலிருந்து ரவ்னிங் வரை பத்துக் கிலோமீட்டர் போதும். அல்லது தானும் பாறைகளுக்கு நடுவே ஒரு பிற்பகல்.

போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். தானுமில் மழை பிடித்துக்கொண்டால் பயணம் கெட்டது என்று விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். பாறைக்குப் பக்கத்தில் எங்காவது ஒதுங்கி நில்லுங்கள். காற்று வடமேற்குக்குத் திரும்பும் வரை, மேகத்தின் ஓரம் வெளுக்கும் வரை பொறுங்கள். வெயில் சாய்ந்து ஈரப் பாறையில் விழும்போது, மூவாயிரம் ஆண்டுக்கு முன் நீர்விளிம்பில் நின்ற ஒருவர் வெட்டிய படகு, நீர் வழியும் கல்லில் தெளிவாகத் தெரியும். அதற்கு எதிரே இருக்கும் வயலைத் திரும்பிப் பாருங்கள். சற்று முன்னே நீங்கள் சமமாக ஓட்டிவந்த அந்த நிலம்தான் அவருடைய கடல்.